அம்பு வேகம் குறைகிறதா? காம்பவுண்ட் வில்லில் கோளாறைத் தேடும் வழி

முனைகளில் சக்கரம் பூட்டிய காம்பவுண்ட் வில்லைப் பற்றிய புகார் எப்படித் தொடங்கினாலும் கடைசியில் எஃப்பிஎஸ் என்ற எண்ணில் வந்து நிற்கும். அம்பு ஒரு நொடிக்கு எத்தனை அடி போகிறது என்பதுதான் அந்த எண். அதை மட்டும் வைத்துக்கொண்டு கோளாறு தேடினால் சுற்றிச் சுற்றித்தான் வர வேண்டும். வில் கொடுப்பது ஆற்றலை; அந்த ஆற்றலில் எவ்வளவு வேகம் கிடைக்கும் என்பது அம்பின் எடையைப் பொறுத்தது. ஆகவே கையில் இருக்கும் எஃப்பிஎஸ் எண்ணை முதலில் ஆற்றலாக மாற்றிவிடுங்கள்.

கணக்கு எளிது. அம்பின் எடையைக் கிரெயின் என்ற சிறிய எடை அலகில் எடுத்து, அதை எஃப்பிஎஸ் வேகத்தால் இருமுறை பெருக்கி, 4,50,240-ஆல் வகுத்தால் அடி-பவுண்டில் ஆற்றல் வரும். 380 கிரெயின் அம்பு 244 எஃப்பிஎஸ்ஸில் போனால் 50 அடி-பவுண்டு. நம் பள்ளிக்கூட அலகில் 68 ஜூல். கீழே வரும் எல்லா அறிகுறிக்கும் இந்த எண்தான் அடிப்படை.

தேவையான கருவிகள்: அம்பின் வேகத்தை அளக்கும் கிரோனோகிராஃப், கிரெயின் அளவில் எடை போடும் சிறிய தராசு, வில்லின் இழுவிசையை அளக்கும் தொங்கு தராசு, டேப். நாண், கேபிள் (இரு முனைகளையும் இணைக்கும் துணைக்கயிறு), கேம் (முனையில் சுழலும் சக்கரம்) எதைக் கழற்றுவதாக இருந்தாலும் வில்லை அழுத்திப் பிடிக்கும் பிரஸ் இல்லாமல் கை வைக்க வேண்டாம். அம்பு இல்லாமல் இழுத்து விட்டும் பார்க்கக் கூடாது. அம்புக்குப் போக வேண்டிய ஆற்றல் முழுவதும் லிம்ப் (வில்லின் வளையும் கை), கேம், நாண் மேல் விழும். ஒரே தடவையில் லிம்ப் பிளந்துவிடலாம்.

முதலில் கருவியைச் சந்தேகப்படுங்கள்

ஒளி உணரும் வகை கிரோனோகிராஃப் எல்இடி, டியூப்லைட் வெளிச்சத்தில் கண்டதையும் காட்டும். பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள். வில்லிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, உணரிகளுக்கு இணையாக அம்பு போகும்படி விடுங்கள். சாய்வாகப் போனால் எண் மாறும். ஒரே அம்பை ஐந்தாறு முறை விட்டுச் சராசரி எடுங்கள். ஒற்றை எண்ணை நம்பி நாணை மாற்றப் போகாதீர்கள்.

அறிகுறி: விளம்பரத்தில் 330, எனக்கு 240 கூட வரவில்லை

பெரும்பாலும் வில்லில் ஒரு கோளாறும் இருக்காது. விளம்பர எண் எடுக்கப்படும் நிலை வேறு: 70 பவுண்டு இழுவிசை, 30 அங்குல டிரா லெங்த் (முழுதாக இழுக்கும் நீளம்), 350 கிரெயின் அம்பு, நாணில் கூடுதலாக ஒன்றும் இல்லை. இது அமெரிக்க வேட்டைக்காரரை மனத்தில் வைத்து உருவான அளவுகோல். உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் இலக்குப் போட்டிகளில் காம்பவுண்டுக்கு உச்ச வரம்பே 60 பவுண்டுதான். அதாவது அந்த எண் எடுக்கப்பட்ட நிலையில் வில்லைப் போட்டிக்குக் கொண்டுபோகவே முடியாது. இந்தியாவில் வேட்டையும் கிடையாது. நமக்கு அது ஒப்பிட்டுப் பார்க்க உதவும் எண், அவ்வளவுதான்.

உங்கள் வில்லுக்கு என்ன வர வேண்டும் என்பதைத் தோராயமாகக் கழித்துப் பார்க்கலாம். டிரா லெங்த்தில் ஓர் அங்குலம் குறைந்தால் சுமார் 10 எஃப்பிஎஸ் போகும். ஒரு பவுண்டுக்கு 2. அம்பில் 3 கிரெயின் கூடினால் 1. டி-லூப் (நாணை இழுக்கக் கொக்கி மாட்டும் சிறு வளையம்), பீப் (குறி பார்க்கும் துளை) இரண்டும் நாணில் ஏறினால் மொத்தம் ஐந்தாறு. இப்போது 27 அங்குலம், 50 பவுண்டு, 380 கிரெயின் அம்பு என்று வைத்துக்கொள்வோம். 330-இல் 30 போய், 40 போய், 10 போய், கடைசியாக 5 அல்லது 6 போனால் 244 பக்கத்தில் வந்து நிற்கும். உங்கள் எண் இதிலிருந்து ஐந்தாறு எஃப்பிஎஸ்ஸுக்குள் இருந்தால் வில் ஆரோக்கியமாக இருக்கிறது. பணத்தை அம்புக்குச் செலவழியுங்கள்.

டிரா லெங்த் இவ்வளவு தின்பதற்குக் காரணம், நாண் அம்பைத் தள்ளும் தூரம் குறைவதுதான். டிரா லெங்த்திலிருந்து 1.75 அங்குலத்தையும் பிரேஸ் ஹைட்டையும் (இழுக்காத நாணுக்கும் கைப்பிடிக்கும் உள்ள தூரம்) கழித்தால் அந்தத் தூரம் கிடைக்கும். பிரேஸ் ஹைட் 6.5 என்றால், 30 அங்குலத்தில் 21.75, 27 அங்குலத்தில் 18.75. பிரேஸ் ஹைட் குறைந்த வில் வேகமாக இருப்பதற்கும் இதே காரணம்தான். ஆனால் அம்பு நாணிலேயே கூடுதல் நேரம் இருப்பதால் கை செய்யும் சின்னத் தவறும் அம்பில் ஏறிவிடும். 6 அங்குலத்துக்குக் கீழே பிரேஸ் ஹைட் உள்ள வில்லைப் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கழித்துப் பார்த்த பிறகும் 15, 20 எஃப்பிஎஸ் குறைகிறது என்றால் தொங்கு தராசை எடுத்து உச்ச இழுவிசையை அளந்து பாருங்கள். லிம்ப்பில் ஒட்டியிருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். லிம்ப் போல்ட் தளர்த்தப்பட்டிருந்தால் 50 பவுண்டு வில் 43-இல் நிற்கும். அப்புறம் டிரா லெங்த்தை மாற்றும் கேம் துண்டான மாட்யூல் எந்த எண்ணில் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். கடையில் காட்டுவதற்காக 26-இல் வைத்ததை யாரும் மாற்றாமலேயே விற்றிருக்கலாம்.

அறிகுறி: போன சீசனில் வந்த வேகம் இப்போது வரவில்லை

அதே அம்பு, அதே கருவி, அதே கை. பத்து எஃப்பிஎஸ் காணோம். இங்கே நிஜமான கோளாறு இருக்கிறது. அது பெரும்பாலும் கயிற்றில்தான் இருக்கும்.

கேபிள் நீண்டால் லிம்ப் முனைகள் விலகும், இழுவிசை குறையும். டேப்பை வைத்து, கேம் சுழலும் அச்சான ஓர் ஆக்சிலிலிருந்து மறு ஆக்சில் வரை அளந்து, வில்லோடு வந்த அட்டையில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். கால் அங்குலம் கூடியிருந்தாலே காரணம் கிடைத்துவிட்டது. பிரேஸ் ஹைட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். நாண் நீண்டிருந்தால் டிரா லெங்த் கொஞ்சம் கூடியது போலத் தெரியும். பீப் கண்ணுக்கு நேராக வராமல் திரும்பி நிற்கும். பீப் திரும்புவதை எரிச்சலாக மட்டும் எடுத்துக்கொள்பவர்கள் அதிகம். கயிறு அசைந்துவிட்டது என்பதை முதலில் சொல்வது அந்தப் பீப்தான்.

நாண் இழைகளில் டைனீமா வகைக்கு ஒரு குணம் உண்டு. தொடர்ந்து இழுவிசையில் இருந்தால் மெதுவாக நீண்டுகொண்டே போகும். சூடு பட்டால் இன்னும் வேகமாக. 452எக்ஸ் போல வெக்ட்ரான் கலந்த இழையில் இது மிகக் குறைவு. ஆகவே மே மாதத்தில் மூடிய காருக்குள் வில்லை விட்டுப் போகும் பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள்.

சரிசெய்யும் வழி: பிரஸ்ஸில் வைத்துக் கேபிளில் முறுக்கு ஏற்றி, ஆக்சில் அளவைப் பழைய எண்ணுக்குக் கொண்டுவருவது. இரண்டு கேபிளும் ஒரே அளவு நீண்டிருக்காது. ஒன்றில் அரைச் சுற்று, மற்றதில் ஒரு சுற்று என்று ஏற்றி, ஒவ்வொரு முறையும் கேம்கள் சேர்ந்து சுழல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முறுக்கு ஏற்றியும் ஒரு வாரத்தில் மறுபடி இறங்கினால் கயிற்றின் ஆயுள் முடிந்தது, மாற்றிவிடுங்கள். இதையெல்லாம் விட்டு, லிம்ப் போல்ட்டை இறுக்கிக் குறைந்த பவுண்டை ஈடுகட்டுவது பலர் செய்யும் குறுக்குவழி. தராசில் எண் வந்துவிடும். கேம் தவறான இடத்திலிருந்தே சுழன்றுகொண்டிருக்கும்.

அறிகுறி: ஒவ்வொரு அம்புக்கும் ஒரு வேகம்

முதலில் ஒரே அம்பைத் திரும்பத் திரும்ப விடுங்கள். வேகம் நிலையாக வந்தால் பிரச்சினை அம்புகளில். தராசில் போட்டால் தெரியும்: ஒரு கட்டில் 12 கிரெயின் வித்தியாசம் இருந்தால் 4 எஃப்பிஎஸ் தானாக ஆடும். அம்பின் வால்முனையில் உள்ள நாக் நாணைப் பிடிக்கும் இறுக்கமும் அம்புக்கு அம்பு மாறக் கூடாது.

ஒரே அம்பே ஆடினால், சுவரைப் பாருங்கள். முழுதாக இழுத்ததும் இதற்கு மேல் வராது என்று முட்டும் இடம்தான் சுவர். கேமில் இருக்கும் டிரா ஸ்டாப் கேபிளிலோ லிம்ப்பிலோ போய் முட்டுகிறது. இரண்டு கேம் வில்லில் மேல் ஸ்டாப் முதலில் தொட்டு, கீழ் ஸ்டாப் பின்னால் தொட்டால் சுவர் பஞ்சு மாதிரி அமுங்கும். எங்கே நின்றீர்கள் என்பது உங்களுக்கே தெரியாது. நண்பர் ஒருவரைப் பக்கத்தில் நிற்கச் சொல்லி, நீங்கள் அம்பு பூட்டி இலக்கை நோக்கி மெதுவாக இழுக்கும்போது இரண்டு ஸ்டாப்பும் ஒன்றாகத் தொடுகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். முந்துகிற பக்கத்தைக் கேபிள் முறுக்கில் சரிசெய்ய வேண்டும்.

இதில் கேம் வகைக்கு வகை தொல்லை வேறு. ஒரே ஒரு கேமும் மறுமுனையில் வெறும் சக்கரமும் உள்ள வில்லில் இரண்டு கேம் ஒத்துப்போகும் பிரச்சினையே இல்லை. ஆனால் நாண் மிக நீளம், அதனால் நீளுவதும் அதிகம். தனித்தனிக் கேபிள்கள் எதிர்முனை ஆக்சிலில் போய்க் கட்டப்படும் இரட்டைக் கேம்தான் சுலபமாகத் தாளம் தப்பும். பைனரி வகையில் கேபிள்கள் ஒரு கேமிலிருந்து மற்றொரு கேமுக்கே போவதால் ஒன்று நகர்ந்தால் மற்றதும் நகரும். தாளம் தப்புவது குறைவு.

கேம்கள் ஒன்றாகத் தொட்டும் வேகம் ஆடினால், ஆடுவது நீங்கள். லெட்-ஆஃப் (முழு இழுவையில் குறையும் எடை) 85 சதவீதம் உள்ள 50 பவுண்டு வில்லைப் பிடித்து நிற்க ஏழரைப் பவுண்டு போதும். அந்த வசதியில் தோள் தளர்ந்து, குறி பார்க்கும் நேரத்தில் நாண் கால் அங்குலம் முன்னே நழுவும். இலக்கில் அம்பு தாழ்வாகப் போய்க் குத்தும். லெட்-ஆஃப் குறைந்த மாட்யூல் கிடைத்தால் மாட்டிப் பாருங்கள். பிடித்து நிற்கும் எடை கூடும்போது முதுகுத் தசை தூங்காது.

அறிகுறி: வேகம் பிரமாதம், ஆனால் வில் அலறுகிறது, கையில் அதிர்கிறது

இதில்தான் வேக எண் நம்மை நன்றாக ஏமாற்றும்.

அம்பு கிளம்பும்போது அதோடு சேர்ந்து நாண், கேபிள், கேம், லிம்ப் முனைகளும் ஓடுகின்றன. அவற்றை ஓட்டச் செலவான ஆற்றல் அம்புக்குக் கிடைக்காது. வில்லிலேயே தங்கிச் சத்தமாகவும் அதிர்வாகவும் வெளியேறும். அமெரிக்க இயற்பியலாளர் பால் கிளாப்ஸ்டெக் காம்பவுண்ட் வருவதற்கு முன்பே இதற்கு ஒரு நல்ல வழி சொன்னார். ஓடும் பாகங்கள் எல்லாவற்றையும், அம்போடு ஒட்டிக்கொண்டு போகும் ஒரு கற்பனை எடையாக எடுத்துக்கொள்ளலாம் என்றார். அந்த எடை ஒரு வில்லுக்கு ஏறத்தாழ மாறாதது.

உங்கள் வில்லுக்கு அதை நீங்களே கண்டுபிடிக்கலாம். எடை வேறுபட்ட இரண்டு அம்புகள் வேண்டும். 380 கிரெயின் அம்பு 244, 500 கிரெயின் அம்பு 217 எஃப்பிஎஸ் காட்டியது என்று வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள். பெரிய விடையிலிருந்து சிறியதைக் கழித்து, அதை இரண்டு வேக வர்க்கங்களின் வித்தியாசத்தால் வகுங்கள். 74 கிரெயின் வரும். 217-க்குப் பதில் 216 என்று தவறாகப் படித்தால் அதுவே 55 ஆகிவிடும். அதனால்தான் முதலிலேயே சராசரி எடுக்கச் சொன்னேன்.

இப்போது அந்த 74-ஐ வைத்து மூன்று அம்புகளைப் பாருங்கள். 500 கிரெயின் அம்பு: 217 எஃப்பிஎஸ், 52 அடி-பவுண்டு, வில்லில் தங்குவது 13 சதவீதம். 380 கிரெயின்: 244, 50, 16 சதவீதம். அம்பை 250 கிரெயினுக்கு இறக்கினால் வேகம் 289-க்குத் தாவும். ஆற்றலோ 46-க்கு இறங்கும். வில்லில் தங்குவது 23 சதவீதம் ஆகும். கிரோனோகிராஃப்பில் 45 எஃப்பிஎஸ் லாபம். அந்த லாபத்துக்கு லிம்ப்பும் ஆக்சிலும் ஒவ்வோர் அம்புக்கும் விலை கொடுக்கின்றன.

250 என்பது 50 பவுண்டு வில்லுக்குச் சரியாக எல்லைக்கோடு. பவுண்டுக்கு 5 கிரெயினுக்குக் கீழே போகக் கூடாது என்றுதான் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். அதற்குக் கீழே போனால் அம்பில்லாமல் விடுவதை நோக்கி நகர்கிறீர்கள், உத்தரவாதமும் போய்விடும். உங்கள் புகார் சத்தம் என்றால் ரப்பர் சைலன்சர் வாங்குவதற்கு முன் 60, 80 கிரெயின் கனமான அம்பை ஒரு தடவை விட்டுப் பாருங்கள். சைலன்சர் நாணில் ஏறும் எடை. அது இன்னும் வேகத்தைத் தின்னும். கனமான அம்பிலும் சத்தம் குறையவில்லையென்றால், ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது. ரெஸ்ட் (அம்பைத் தாங்கும் பாகம்), குறிக்கருவி, லிம்ப் டாம்பர் (அதிர்வை அடக்கும் பாகம்) என்று ஒவ்வொன்றாகக் கையால் தட்டிப் பாருங்கள்.

கனமான அம்பில் ஆற்றல் ஏறாமல் குறைகிறது என்று உங்கள் கணக்கு சொன்னால், பெரும்பாலும் அளவு தவறு. கருவிப் பகுதிக்குத் திரும்புங்கள்.

அறிகுறி: பவுண்டு சரி, அளவெல்லாம் சரி, ஆற்றல் மட்டும் குறைவு

இது அரிது. பழைய வில்லிலும் மழையில் நனைந்த வில்லிலும் வரும். உராய்வைத் தேட வேண்டும்.

வில்லை டிரா போர்டில் (வில்லை மெதுவாக இழுத்து நிறுத்தும் பலகை) மாட்டி, தராசோடு ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக இழுத்து ஒவ்வோர் இடத்திலும் எடையைக் குறியுங்கள். எல்லாவற்றையும் கூட்டி 12-ஆல் வகுத்தால், வில்லுக்குள் நீங்கள் போட்ட ஆற்றல் அடி-பவுண்டில். இப்போது அதே இடங்களில் நிறுத்தி நிறுத்தித் திரும்ப விடும்போதும் எடையைக் குறியுங்கள். இறங்கும்போது வரும் எண்கள் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். அந்த வித்தியாசம்தான் உராய்வு. சில சதவீதம் இயல்பு. அதற்கு மேல் போனால் ஆக்சில் புஷ் தேய்ந்திருக்கும், அல்லது கேபிளைப் பக்கவாட்டில் தள்ளிப் பிடிக்கும் ஸ்லைடு வறண்டு உரசும். உருளை வைத்த கேபிள் கார்டில் ஓர் உருளை சுற்றாமல் நின்றிருந்தாலும் இப்படி ஆகும். விரலால் சுற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அறிகுறி: இழுக்கவே முரடாக இருக்கிறது, விட்டால் கையைப் பிடுங்குகிறது

இது கோளாறு இல்லை, கேமின் வடிவம். ஹோலஸ் ஆலன் என்ற அமெரிக்கர் 1960-களில் மிசூரியில் வில்லின் முனைகளை வெட்டிக் கப்பி பூட்டித்தான் இந்த வகையைத் தொடங்கினார். 1969-இல் காப்புரிமை கிடைத்தது. அந்தக் காலத்துச் சக்கரங்கள் வட்டமானவை, மையம் மட்டும் தள்ளியிருக்கும். எடை மெதுவாக ஏறி, உச்சியைத் தொட்டு, மெதுவாக இறங்கும். இன்றைய வேகக் கேமில் முதல் சில அங்குலத்திலேயே எடை உச்சிக்கு ஏறி, கிட்டத்தட்டக் கடைசி வரை அங்கேயே நின்று, சுவருக்கு முன்னால் சட்டென்று விழும். உச்ச எடை இரண்டிலும் 50 பவுண்டுதான். ஆனால் டிரா போர்டில் கூட்டிய கூட்டுத்தொகை வேகக் கேமில் மிக அதிகம். அம்புக்குப் போவது அந்தக் கூட்டுத்தொகையின் பங்கு.

அந்தக் கேமுக்கு, எடை குறைந்து நிற்கும் பள்ளம் குறுகல். முழு இழுவையில் அரை அங்குலம் தளர்ந்தாலும் வில் இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும். டிரா லெங்த் உங்கள் கைக்கு அரை அங்குலம் அதிகமாக இருந்தால் இது இரண்டு மடங்கு தெரியும். முதலில் அதைக் குறைத்துப் பாருங்கள். பிறகு நாலைந்து பவுண்டு குறையுங்கள். லிம்ப் போல்ட்டை மேலும் கீழும் ஒரே அளவு சுற்றித் தளர்த்த வேண்டும். கையேட்டில் சொன்ன சுற்று எண்ணிக்கையைத் தாண்டினால் லிம்ப் கழன்று வந்துவிடும். இரண்டும் செய்தும் பிடிக்கவில்லை என்றால் அந்த வில் உங்களுக்கானது அல்ல. விற்றுவிட்டு மென்மையான கேம் வாங்குங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அறிகுறி: பவுண்டு ஏற்றியதும் அம்புகள் சிதற ஆரம்பித்தன

வேகம் கூடியிருக்கும், அம்பு மாறியிருக்காது. அதிக ஆற்றல் பின்னாலிருந்து தள்ளும்போது அதே தண்டு அதிகமாக வளையும். முன்பு 43 பவுண்டுக்குப் பொருந்திய ஸ்பைன் (தண்டின் விறைப்பு) 50-இல் மெலிவாகிவிடும். காகிதத்தை இரண்டு மீட்டர் தூரத்தில் விறைப்பாகக் கட்டி அதன் வழியே விடுங்கள். துளை நீளமாகக் கிழிந்தால் அம்பு கோணலாகப் போகிறது. மேலும் கீழுமாகக் கிழிந்தால் நாக் வைக்கும் இடத்தையும் கேம்களின் தாளத்தையும் பாருங்கள். பக்கவாட்டில் கிழிந்து, ரெஸ்ட்டை நகர்த்தியும் அடங்கவில்லை என்றால் தயாரிப்பாளரின் அட்டவணைப்படி விறைப்பான தண்டுக்கு மாறுங்கள். வேன் (அம்பின் வால் இறகு) ரெஸ்ட்டில் உரசுகிறதா என்று பார்க்க, வேன் ஓரத்தில் லிப்ஸ்டிக் தடவி விட்டால் போதும். உரசிய இடத்தில் சிவப்பு ஒட்டும்.

கோளாறு ஒன்றும் இல்லை, இன்னும் வேகம் வேண்டும்

சரி. நாணின் நடுவில் உள்ள எடையிலிருந்து தொடங்குங்கள்: கனமான பீப், தேவையில்லாத சைலன்சர், தடித்த சுற்றுநூல். அடுத்தது, கேமுக்குப் பக்கத்தில் நாணில் சின்னப் பித்தளை வளையங்கள் பொருத்துவது. சரியான இடம் கிடைத்தால் சில எஃப்பிஎஸ் கூடும். அதற்கப்புறம் அம்பு எடை, ஸ்பைனைக் கெடுக்காத அளவுக்கு. பவுண்டு ஏற்றுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். டிரா லெங்த்தை மட்டும் வேகத்துக்காக நீட்டாதீர்கள். 10 எஃப்பிஎஸ்ஸுக்காக நிற்கும் நிலையே கோணலாகிவிடும்.

காம்பவுண்ட் இலக்குப் போட்டி 50 மீட்டரில் நடக்கிறது. பத்துப் புள்ளி வட்டம் 8 சென்டிமீட்டர். தூரம் தெரிந்ததே, குறிக்கருவியில் குறித்து வைத்ததே. அங்கே வேகத்தால் கிடைப்பது, காற்றில் அம்பு இருக்கும் நேரம் கொஞ்சம் குறைவது. காற்றின் பாதிப்பு குறைவதை மெல்லிய தண்டு வாங்கினாலும் ஓரளவு பெறலாம். 2023 பெர்லின் உலகச் சாம்பியன்ஷிப் இறுதியில் இந்திய வீரர் ஓஜஸ் தேவ்தலே 150-க்கு 150 எடுத்ததும் அந்த 60 பவுண்டு வரம்புக்குள்தான். தூரம் தெரியாமல் விடும் ஃபீல்ட், 3டி வகைப் போட்டிகளுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. தூரத்தைத் தப்பாக மதிப்பிட்டாலும் வேகமான அம்பு குறைவாகத்தான் இறங்கும் என்பதால், அவர்கள் 10 எஃப்பிஎஸ்ஸுக்குச் செலவழிப்பதில் அர்த்தம் இருக்கிறது.